பழிவாங்கும் உளவுக் கதை, அதுவும் முதல் நாவல்: வாசகர் கருத்துகளை எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது

புதிதாக எழுத வந்தவரின் முதல் நாவல். உளவுக் கதை, அதிலும் பழிவாங்கும் கதை. எழுதியவரின் பழைய புத்தகம் எதையாவது வைத்து எடைபோடலாம் என்றால் அப்படி ஒன்று இல்லை. பின்னட்டையில் இருப்பதெல்லாம் பதிப்பகம் எழுதிய வரிகள். ஆக, நமக்கு முன்னால் படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது மட்டும்தான் கையில் இருக்கும் தடயம். அதைத் திறந்து பார்த்தால் ஒருவர் 'கீழே வைக்கவே முடியவில்லை' என்கிறார், அடுத்தவர் 'ஐம்பதாம் பக்கத்தையே தாண்ட முடியவில்லை' என்கிறார், இரண்டு பேர் படித்ததும் ஒரே புத்தகம்தான். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கைகொடுப்பது திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம். ஓர் ஒற்றன் கொண்டுவந்த சேதியை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறது அதில் ஒரு குறள். அடுத்த குறள் ஒரு படி மேலே போகிறது: ஒருவரை ஒருவர் அறியாதபடி மூன்று ஒற்றர்களை வைத்துக்கொள், மூவர் சொல்லும் ஒத்துப்போனால் நம்பு. உளவறிக்கைக்குச் சொன்ன இந்த முறை உளவு நாவலைப் பற்றிய கருத்துகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. இதில் எண்ணிக்கையைவிட முக்கியம், அந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக இருக்க வேண்டும் என்பது. ஒரே இடத்திலிருந்து கிளம்பிய நூறு பாராட்டுகளை நூறு சாட்சி என்று எண்ணக்கூடாது, அது ஒரே சாட்சிதான்.

அதனால் முதல் வேலையாக, நட்சத்திரச் சராசரியை மறந்துவிடுங்கள். முதல் நாவலுக்குச் சராசரி மிக எளிதாகச் சாயும், ஏனென்றால் மொத்தமே முப்பது நாற்பது பேர்தான் மதிப்பிட்டிருப்பார்கள், அதில் பத்துப் பேர் எழுத்தாளருக்கு வேண்டியவர்களாக இருந்தால் போதும், சராசரி சட்டென்று மேலே ஏறிவிடும். நட்சத்திரத்துக்குப் பதிலாகத் தேதியைப் பாருங்கள். வெளியீட்டுக்கு முன்பே பதிப்பகங்கள் முன்பிரதி கொடுப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம், அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் முன்பிரதி வாங்கியவர் பணம் கொடுத்து வாங்கியவரைவிடக் கொஞ்சம் மென்மையாகத்தான் பேசுவார். அமெரிக்காவில் ஒரு பொருளை இலவசமாகப் பெற்று அதைப் பற்றி எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழிகாட்டியிருக்கிறது. போலிக் கருத்துகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் அதன் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எனவே 'முன்பிரதி கிடைத்தது' என்று ஒருவர் சொல்லியிருந்தால் அதை அவருடைய நேர்மையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்பட வேண்டியது அதை அல்ல, வெளியீட்டு நாளைச் சுற்றி ஒரே வாரத்தில் ஒரே மாதிரிச் சொற்களோடு கொத்தாக வந்து விழுந்துவிட்டு, அப்புறம் இரண்டு மாதம் ஒன்றுமே வராத கருத்துகளைத்தான்.

தாழ்த்திப் பேசுவதிலும் இதே ஆபத்து உண்டு. முதல் நாவல் வெளிவரவிருந்த ஒரு எழுத்தாளர், வேறு வேறு பெயர்களில் கணக்கு தொடங்கி, தன்னைப் போலவே புதிதாக எழுத வந்த மற்றவர்களின் புத்தகங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டது 2023 டிசம்பரில் அம்பலமானது, பதிப்பகம் அந்த நாவலையே கைவிட்டது. அது உளவுக் கதை அல்ல. ஆனாலும் முதல் நாவல்களின் மதிப்பீட்டை எவ்வளவு சுலபமாக ஆட்டிப்பார்க்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. காரணம் எதுவும் சொல்லாத ஒற்றை நட்சத்திரத்தையும் காரணம் சொல்லாத ஐந்து நட்சத்திரத்தையும் ஒன்றாகத் தள்ளிவைத்துவிடலாம்.

மிச்சமிருப்பதில் உங்கள் மூன்று ஒற்றர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் உளவு நாவல்களையே ஊறிப்போய்ப் படிப்பவர். இன்னொருவர் இந்த வகைப் பக்கமே வராதவர், யாரோ கொடுத்ததால் படித்தவர். மூன்றாவது ஆள் பாதியில் நிறுத்தியவர். இந்த மூன்றாவது ஆளைப் பலரும் ஒதுக்கிவிடுவார்கள், முழுசாகப் படிக்காதவருக்கு என்ன தெரியும் என்று. எனக்கென்னவோ அவர் சொல்வதுதான் பல நேரம் மிகத் துல்லியமாக இருக்கிறது, எந்தப் பக்கத்தில் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று சொல்லிவிடுகிறார். இந்த மூவரும் ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டால், அவர்கள் அதைப் புகழ்ந்தாலும் சரி, திட்டினாலும் சரி, அது புத்தகத்தில் உண்மையிலேயே இருக்கிறது.

இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். கதாநாயகி தகவல் தரும் ஆளைச் சந்திக்கப் போகிறாள். நேராகப் போகவில்லை, பேருந்து ஏறுகிறாள், இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்குகிறாள், ஒரு கடைக்குள் நுழைந்து வேறு வாசலால் வெளியே வருகிறாள், கண்ணாடியில் தெரியும் தெருவைப் பார்க்கிறாள், முன்பு பார்த்த சாம்பல் கோட்டு இரண்டாவது முறையும் தெரிகிறதா என்று கணக்குப் போடுகிறாள். பன்னிரண்டு பக்கம். இதைப் படித்துவிட்டு ஒருவர் 'இழுவை, ஒன்றுமே நடக்கவில்லை' என்று எழுதுகிறார். உளவுக் கதையில் ஊறியவர் 'அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் எனக்கு வியர்த்துவிட்டது' என்கிறார். பாதியில் நிறுத்தியவர் 'அவள் ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள், நான் கிளம்பிவிட்டேன்' என்கிறார். மூன்றும் ஒரே செய்திதான்: யாராவது பின்தொடர்கிறார்களா என்று சரிபார்க்கும் வேலையை நாவலாசிரியர் நிஜமாக இருப்பதுபோலவே எழுதியிருக்கிறார். நிஜத்தில் ஒரு சந்திப்புக்கு முன்னால் இப்படிச் சுற்றுவதற்கே மணிக்கணக்கில் ஆகும். இப்போது கேள்வி உங்களிடம் திரும்புகிறது, உங்களுக்கு அந்தப் பன்னிரண்டு பக்கம் வேண்டுமா வேண்டாமா? உளவு நாவலைப் பற்றி 'இழுவை' என்ற சொல்லைப் பார்த்தால், எது இழுக்கிறது என்று தேடுங்கள். வேலையின் பொறுமை இழுக்கிறதென்றால் அது ரசனை சார்ந்தது. பெயர்களும் துறைச் சுருக்கெழுத்துகளும் பின்கதையும் இழுக்கிறதென்றால் அது எழுத்துக் குறை, முதல் நாவல்களில் இது நிறையவே இருக்கும், ஆராய்ச்சி செய்ததையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்ற ஆசையை அடக்குவது லேசுப்பட்ட காரியமல்ல.

சரி, இனி பழிவாங்கலுக்கு வருவோம். கருத்துகளைப் படிக்கும்போது நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான், ஏனென்றால் உளவும் பழியும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத இரண்டு சரக்கு. உளவாளிக்கு அடிப்படைத் தகுதியே உணர்ச்சியை ஓரம் கட்டுவது, காத்திருப்பது, மேலிடம் சொன்னதைச் செய்வது, தன் முகத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் இருப்பது. பழிவாங்குகிறவனுக்கோ அவன் யார் என்பது எதிரிக்குத் தெரிந்தாக வேண்டும், கடைசியில் ஒரு கணமாவது 'நான்தான்' என்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பழி தீராது. ஒரே ஆள் இரண்டு பேராகவும் இருந்தால் உள்ளே ஒரு இழுபறி நடக்கும். அந்த இழுபறிதான் கதை. நல்ல நாவல் அதைத் தீர்த்துவைக்காமல் கடைசிவரை இழுத்துப் பிடிக்கும். சுமாரான நாவல் நூறு பக்கத்தில் உளவை மறந்துவிட்டு வெறும் துப்பாக்கிச் சண்டையாகிவிடும்.

வாசகர்கள் யாரும் இதை இப்படி எழுத மாட்டார்கள். 'முதல் பாதி ஒரு புத்தகம், இரண்டாம் பாதி வேறு புத்தகம்' என்று எழுதுவார்கள். 'இவ்வளவு பயிற்சி பெற்றவன் திடீரென்று ஏன் இப்படி நடந்துகொள்கிறான்' என்பார்கள். 'வில்லனைப் பார்த்ததும் பக்கம் பக்கமாகப் பேசுகிறான்' என்பார்கள். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று மூன்று பேரிடமிருந்து தனித்தனியாக வந்தால் இழுபறி எங்கோ அறுந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். மாறாக, 'அவன் ஜெயிக்க வேண்டும் என்றும் தோன்றியது, வேண்டாம் என்றும் தோன்றியது' என்று ஒரு வரி கண்ணில் பட்டால், அதை எழுதியவர் எத்தனை நட்சத்திரம் கொடுத்திருந்தாலும் நான் அந்தப் புத்தகத்தை வாங்கிவிடுவேன்.

பழிக்கான காரணத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதையும் தனியாகக் கவனியுங்கள். இந்த வகைக் கதைகளில் பெரும்பாலும் முதல் அத்தியாயத்திலேயே மனைவியோ மகளோ தம்பியோ செத்துப்போவார்கள், அதற்குப் பிறகு அவர்கள் கதாநாயகனின் பர்ஸுக்குள் ஒரு புகைப்படமாக மட்டும் இருப்பார்கள். ஒரு வாசகர் 'அந்த மனைவியின் பெயர்கூட எனக்கு ஞாபகம் இல்லை' என்று எழுதினால் அது சாதாரணக் குறை அல்ல, கதையின் அடித்தளமே ஆட்டம் கண்டிருக்கிறது என்று அர்த்தம். அதே இடத்தில் இன்னொருவர் 'அவள் பாதி குடித்துவிட்டு வைத்த தண்ணீர் டம்ளரை அவன் பல நாள் எடுக்கவே இல்லை, அது என்னை விட்டுப் போகவில்லை' என்று எழுதினால், அந்த எழுத்தாளருக்குத் துக்கம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. ஒரு டம்ளர் வாசகரின் நினைவில் தங்கியிருக்கிறது என்பது எத்தனையோ 'பிரமாதம்'களைவிடப் பெரிய சாட்சி.

அடுத்தது 'நம்பும்படி இல்லை' என்ற புகார். இதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். பயிற்சி பெற்ற உளவாளிகள் ஆள் மாறிக் கொலை செய்வார்களா என்று ஒரு வாசகர் கோபப்படலாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்ட பிறகு, அதற்குப் பொறுப்பானவர்கள் என்று கருதியவர்களை இஸ்ரேலின் உளவு அமைப்பான மொசாட் தேடித் தேடிக் கொன்றது. 1973 ஜூலையில் நார்வேயின் லில்லஹாமரில் அவர்கள் சுட்டுக் கொன்றது தேடிவந்த ஆளை அல்ல, மொராக்கோவைச் சேர்ந்த ஓர் உணவகப் பணியாளரை. கொல்ல வந்த குழுவில் சிலர் அங்கேயே பிடிபட்டுச் சிறைக்கும் போனார்கள். ஆக, பழியும் உளவும் சேர்ந்தால் தப்பு நடப்பது கற்பனை அல்ல. நாவலில் தப்பு நடந்ததா என்பது விஷயமில்லை, நடந்த பிறகு அந்தத் தப்பின் பாரத்தைக் கதை சுமக்கிறதா, அல்லது அடுத்த அத்தியாயத்திலேயே மறந்துவிடுகிறதா என்பதுதான் விஷயம், கருத்து எழுதியவர் அதைச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

'எழுதியவர் முன்னாள் உளவு அதிகாரி, அதனால் எல்லாமே நிஜம்' என்ற பாராட்டும் அப்படித்தான். சிஐஏவில் வேலை பார்த்தவர்கள் தங்கள் வேலை தொடர்பாக எதை எழுதினாலும், நாவலாக இருந்தாலும், வெளியிடுவதற்கு முன் அந்த அமைப்பின் பரிசீலனைக் குழுவிடம் கொடுத்தாக வேண்டும். அவர் நன்றாக அறிந்த சில விஷயங்கள் புத்தகத்துக்குள் வரவே முடியாது என்றுதான் இதற்குப் பொருள். அனுபவம் ஒரு கூடுதல் பலம், மறுக்கவில்லை, ஆனால் அலுவலகத்தின் சலிப்பையும் பதவிச் சண்டையையும் அவர் எழுதியிருக்கிறாரா என்பதில்தான் அந்த அனுபவம் தெரியும், எந்தத் துப்பாக்கிக்கு எத்தனை தோட்டா என்பதை யார் வேண்டுமானாலும் தேடி எழுதலாம்.

முடிவைப் பற்றிய கருத்துகளுக்கு வந்தால், 'நான் முன்பே ஊகித்துவிட்டேன்' என்பதற்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை. ஃபிரடெரிக் ஃபோர்ஸித்தின் முதல் நாவல் 1971இல் வந்தது, பிரெஞ்சு அதிபர் டி காலைக் கொல்ல அமர்த்தப்பட்ட ஒருவனின் கதை. டி கால் அதற்கு முந்தைய ஆண்டு தன் வீட்டில் இயற்கையாக இறந்துபோனவர், கொலை முயற்சி பலிக்காது என்பது முதல் பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியும், பல பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பவும் செய்தன. ஆனால் வாசகர்கள் அதை விடாமல் படித்தார்கள், ஏனென்றால் அதில் பதற்றம் என்ன நடக்கும் என்பதில் இல்லை, எப்படி நடக்கும் என்பதில் இருக்கிறது. பழிவாங்கும் கதையிலும் எதிரி கடைசியில் மாட்டுவான் என்று நாம் எல்லோரும் ஊகிக்கத்தான் செய்கிறோம். 'பழி தீர்ந்தது, ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம், எழுத்தாளர் திட்டமிட்டுச் செய்ததாக இருக்கலாம். 'பழி தீரவே இல்லை, அடுத்த பாகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்' என்று பலர் எழுதியிருந்தால் அது வேறு. நான் ஒருமுறை இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டு, ஐந்நூறு பக்கம் படித்து முடித்த இரவு மிகவும் வருத்தப்பட்டேன். அப்போதிருந்து, அந்தப் புத்தகம் தனியாக நிற்கிறதா, தொடரின் முதல் பாகமா என்பதைத்தான் முதலில் தேடுகிறேன்.

இன்னொன்று, இது முதல் நாவல் என்பதை மனதில் வையுங்கள். ஜான் லெ காரே 1961இல் முதல் நாவலை வெளியிட்டபோது பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், சொந்தப் பெயரில் எழுத முடியாததால் புனைபெயர். உலகம் முழுக்கப் பெயர் வாங்கித் தந்தது 1963இல் வந்த மூன்றாவது நாவல். முதல் நாவலில் கட்டுமானம் கொஞ்சம் தள்ளாடலாம், உபகதை ஒன்று காணாமல் போகலாம், அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். குரல் இருக்கிறதா என்று பாருங்கள். கருத்து எழுதிய யாராவது 'குறைகள் இருக்கின்றன, ஆனால் இவருடைய அடுத்த புத்தகத்தை வாங்குவேன்' என்று எழுதியிருக்கிறார்களா? முதல் நாவலுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் 1973இலிருந்து முதல் நாவலுக்கென்றே ஜான் கிரீசி பெயரில் ஒரு விருது கொடுக்கிறது, அமெரிக்காவின் எட்கர் விருதுகளிலும் முதல் நாவலுக்குத் தனிப் பிரிவு உண்டு, அந்த இறுதிப் பட்டியல்களில் பெயர் இருந்தால் அதையும் ஒரு ஒற்றனாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் முறை. படித்து முடித்தீர்கள், எழுதப் போகிறீர்கள். தயவுசெய்து எழுதுங்கள், புதிய எழுத்தாளருக்குப் பத்து நேர்மையான கருத்துகள் கிடைப்பது பெரிய விஷயம், அடுத்து வரும் வாசகருக்கும் அது வழிகாட்டும்.

முதல் வரியிலேயே நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள்: நான் வழக்கமாக என்ன படிப்பவன், இந்தப் புத்தகம் எப்படிக் கைக்கு வந்தது. எழுத்தாளர் தெரிந்தவர் என்றால் அதையும் சொல்லுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம், அது பின்னட்டையிலேயே இருக்கிறது. அப்புறம் நீங்கள் வேகம் குறைந்த இடத்தைப் பக்கத்தோடு சொல்லுங்கள், எது உங்களைத் திரும்ப இழுத்தது என்றும் சொல்லுங்கள். 'செம த்ரில்லர், கண்டிப்பாகப் படிக்கவும்' என்பதில் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. 'எண்பதாம் பக்கம் வரை யார் யாருக்கு மேலதிகாரி என்று குழம்பினேன், தகவல் கொடுக்கும் ஆள் அழும் காட்சிக்குப் பிறகு ஒரே மூச்சில் முடித்தேன்' என்று எழுதிப் பாருங்கள், அதைப் படிப்பவர் தான் எண்பது பக்கம் பொறுப்பாரா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

ரகசியத்தை உடைக்காமல் எழுதுவதில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். இரட்டை உளவாளி யார் என்று நேரடியாகச் சொல்லாவிட்டாலும் 'நம்பவே முடியாத ஒருவர்' என்று சொன்னால் போதும், கூர்மையான வாசகர் அறுபதாம் பக்கத்திலேயே மிக நம்பகமான பாத்திரத்தைச் சந்தேகிக்க ஆரம்பித்துவிடுவார். 'கடைசியில் பெரிய திருப்பம் இருக்கிறது' என்பதும் அப்படித்தான், அதற்கப்புறம் அவர் கதையை வாசிக்க மாட்டார், திருப்பத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பார். எனக்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் எல்லை, கதையின் முதல் கால்வாசி. அதற்குள் நடந்ததைச் சொல்லலாம், யார் செத்தார், யார்மீது பழி என்பதுவரை. அதற்குப் பிறகு நடப்பதைச் சம்பவமாகச் சொல்லாமல், அது எனக்குள் என்ன செய்தது என்பதை மட்டும் எழுதுவேன்: பயந்தேன், கோபம் வந்தது, அவன்மேல் இருந்த இரக்கம் ஓரிடத்தில் வற்றிப்போனது.

குறையைச் சொல்லும்போது புத்தகத்தைப் பற்றிச் சொல்லுங்கள், எழுதியவரைப் பற்றி வேண்டாம். 'இவருக்கு எழுத வராது' என்பதற்கும் 'இரண்டு பெண் பாத்திரங்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள், யார் பேசுகிறார் என்று மேலே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது' என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். இரண்டாவதைப் படித்துவிட்டு அந்த எழுத்தாளர் அடுத்த நாவலில் ஏதாவது செய்ய முடியும்.

எழுதியதும் உடனே வெளியிட வேண்டாம். ஒரு நாள் விட்டு எடுத்து, இந்தப் புத்தகத்தைத் தொடாத ஒருவராக உங்களை நினைத்துக்கொண்டு வாசியுங்கள். எந்த வரியிலாவது துரோகி யார் என்று உங்களால் ஊகிக்க முடிந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதுவரை மற்றவர்கள் எழுதிய கருத்துகள் பக்கம் போக வேண்டாம், போனால் அவர்களுடைய சொற்கள் உங்கள் எழுத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும், நீங்கள் தனி ஒற்றராக இருக்க மாட்டீர்கள். வெளியிட்ட பிறகு போய்ப் படியுங்கள், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அதே எண்பதாம் பக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள்.